பேர் விழாத பேண்டு

மாமாவின் குரல் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வந்தது 1986இல், ஒரு கேசட்டுக்குள் சுருண்டு.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. 77 கலவரத்துக்குப் பிறகு பலாங்கொடைத் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போனவர். அங்கேயும் கால் தரிக்காமல், யாரோ ஒருவரின் காணியை யாரோ ஒருவரிடம் ஈடு வைத்து, விமானம் ஏறிவிட்டார். கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் போய், அகதி என்று கை தூக்குவது அந்த நாளில் ஒரு வழி. இங்கேயே தங்காமல் அந்தப் பக்கம் போய்விடுகிறவன் என்றால் கிழக்கு ஜெர்மனிக்காரன் பெரிதாக எதுவும் கேட்க மாட்டான். மேற்கு ஜெர்மனிக்காரனோ அந்தச் சுவரை எல்லையென்றே ஒப்புக்கொள்ளாதவன், அங்கே சோதனைச் சாவடி வைத்தால் எல்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு அரசாங்கங்களின் வீம்புக்கு நடுவிலிருந்த சந்து வழியாக எங்கள் ஆட்கள் நுழைந்து போனார்கள். 86 அக்டோபரில் அந்தச் சந்தும் அடைபட்டது.

அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதிலாக கேசட் அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்களும் பேசலாம், படிக்கத் தெரியாதவர்களும் அழலாம். மாமா புதுக் கேசட் வாங்கக் காசில்லாமல், அகதி விடுதியில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய கேசட்டின் மேலேயே பேசியிருந்தார். கணக்கப்பிள்ளை வீட்டு டேப் ரெக்கார்டரை ஒரு மணி நேரம் இரவல் வாங்கி, லயக் காம்பராவில் பதினைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். குளிர், சாமான் கழுவுகிற வேலை, அக்காவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருப்பது, எல்லாம் பேசி, "சரி அக்கா, வெக்கிறேன்" என்று மாமா நிறுத்தினார். டேப் நிற்கவில்லை. இரும்பை இரும்பு அறைகிற சத்தம். தகரத்தை யாரோ தரதரவென்று இழுக்கிறார்கள். துளை போடுகிற மிஷின் ஒன்று உறுமுகிறது. நடுவில் ஒரு ஆள், கழுத்தில் கால் வைத்து மிதித்த மாதிரி அலறுகிறான்.

காம்பராவில் ஒருவரும் பேசவில்லை. அம்மாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: "பாவம், என்னா சத்தத்துக்குள்ள கெடக்கிறானோ."

அப்பா ஸ்டோரில் ரோலர்காரர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு பதினாலு மணி நேரம் வாட்டிய கொழுந்தை நடுச்சாமத்தில் ரோலருக்குள் இறக்குவார்கள். நிமிஷத்துக்கு 40, 45 சுற்று, விடிய விடிய. எங்கள் ஸ்டோர் ரோலரில் கொழும்பு வாக்கர் கம்பனியின் பெயர் வார்ப்பிரும்பில் எழும்பி நிற்கும். காய்ச்சுகிற டிரையரில் பெல்ஃபாஸ்டில் செய்த 'சிரோக்கோ'. இருபது வருஷம் அவற்றோடு இருந்ததில் அப்பாவுக்கு இடது காது அநேகமாகப் போய்விட்டது. அவர் வலது காதை டேப் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டார். "ரோலர் பேரிங் போயிருக்கு," என்றார். "எண்ணெ விடாம ஓட்டுறானுங்க."

இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அது தொழிற்சாலை இல்லை, பாட்டு. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது.

கேசட் அட்டையில் யாரோ பேனாவால் ஒரு குச்சி மனிதனைக் கீறியிருந்தான். உருண்டைத் தலை, அதற்குள் ஒரு புள்ளி, கோணிய கை கால். பலாங்கொடைப் பிள்ளைகளுக்கு அது ஆச்சரியமில்லை. எங்கள் ஊருக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒரே புகழ் 'பலாங்கொடை மனிதன்'தானே. தெரணியகல என்ற ஆய்வாளர் கண்டெடுத்துப் பெயர் வைத்த கற்கால ஆள். கூர்க்கல்லும் எலும்பு ஊசியுமாக இந்த மலைக் குகைகளில் முப்பதாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அவருடைய ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். இருநூறு வருஷமாகக் குடியிருக்கிற எங்களை 'வந்தேறி' என்பவர்களுக்கும் அவர்மேல் கோபமில்லை. மாமா ஜெர்மனியில் பலாங்கொடை மனிதனைப் பற்றி யாரிடமோ சொல்லியிருக்கிறார் என்று நான் நம்பினேன்.

2011இல், பலாங்கொடை டவுனில் ஒரு நெட் கடையில், அட்டையிலிருந்த நீளமான ஜெர்மன் பெயரை எழுத்துக் கூட்டி அடித்துப் பார்த்தேன். அதே குச்சி மனிதன் திரையில் வந்து நின்றான். பேண்டின் பெயர் ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பௌட்டன். பொருள்: இடிந்து விழும் புதிய கட்டடங்கள்.

அவர்கள் முதன்முதலில் மேடையேறியது 1980 ஏப்ரல் 1, மேற்கு பெர்லினில் ஒரு சின்னக் கிளப்பில். முட்டாள்கள் தினம். ஏழு வாரம் கழித்து, மே 21ஆம் தேதி, அமெரிக்கா அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்திருந்த பெர்லின் காங்கிரஸ் மண்டபத்தின் கூரை நிஜமாகவே இடிந்து விழுந்து ஒருவர் இறந்துபோனார். நம் ஊராக இருந்தால் கரிநாக்கு என்று அந்தப் பையன்களை நாலு நாள் உள்ளே வைத்திருப்பார்கள்.

பாடகனின் பெயர் பிலிக்ஸா பார்கெல்ட். பெற்றோர் வைத்தது கிறிஸ்டியான் எம்மெரிக். பிலிக்ஸா ஒரு பேனா மார்க், பார்கெல்ட் என்றால் ரொக்கக் காசு. கையில் அது இல்லாதவன்தான் அதைப் பெயராக வைத்துக்கொள்வான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் லயத்திலும் நடக்கமுடியாத பிள்ளைக்கு ராஜா என்று பெயர். டிரம்காரர் உன்ரூ. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாமல் டிரம்ஸை விற்றுவிட்டு, பழைய இரும்புக்கடைச் சாமான்களை எடுத்துத் தட்டத் தொடங்கினாராம். வறுமைக்கு வந்த மாற்று, பிறகு அதுவே பாணியாகிவிட்டது. முதல் மாதங்களிலேயே நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் வயிற்றுக்குள் புகுந்து ஒலிப்பதிவு செய்தார்கள். அந்த வருஷமே பதினைந்து வயது அலெக்சாண்டர் ஹாக்கே கிதாருடன் வந்து சேர்ந்தான். பிறகு ஹாம்பர்க்கிலிருந்து எஃப். எம். ஐன்ஹைட்டும் மார்க் சுங்கும். 1981இல் 'கொலாப்ஸ்' வந்த பிறகு 90கள் வரை இந்த ஐவரும்தான் அந்த பேண்டு.

1981 என்றதும் எனக்கு ஆகஸ்ட் மாதம்தான் ஞாபகம் வரும். இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயம் லயமாகத் தீ வைத்த மாதம். நாங்கள் தேயிலை மலைக்குள் இரண்டு இரவு படுத்துக் கிடந்தோம். பெர்லினில் அந்தப் பையன்கள் இடிபாட்டைப் பாட்டாக்கி இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை, கேசட் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் எங்களுக்குப் பாட்டின் பொருள் உடனே விளங்கியிருக்கும்.

இந்த வகை இசைக்கு 'இண்டஸ்ட்ரியல்' என்று பெயர் வந்தது 1976இல், லண்டனில் துரோபிங் கிரிஸில் என்ற நால்வர் அந்தச் சொல்லைத் தங்கள் இசைத்தட்டுக் கம்பனிக்கு வைத்ததிலிருந்து. இங்கிலாந்தில் ஆலைகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டு விழ ஆரம்பித்திருந்த காலம். ஆலை ஓடும்போது அதன் சத்தம் யாருக்கும் பாட்டாகப் படாது. சங்கு ஓய்ந்த பிறகுதான் ஏக்கம் வரும்.

நாங்கள் மட்டும் விதிவிலக்கு. எங்களுக்கு ஸ்டோர் ஓடிக்கொண்டிருந்தபோதே ஆசை வந்தது. 1991. ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாலு பேர். மாமாவின் கேசட்டில் அவர் பேச்சு முடிந்த இடத்திலிருந்து நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன், மற்ற மூவருக்கும் போட்டுக் காட்டினேன். என்னவென்று தெரியாது, ஆனால் இது நமக்கும் வரும் என்று தெரிந்தது. விறகு மடுவத்துக்குப் பின்னால் பயிற்சி. ஒருவன் தார் பீப்பாய். ஒருவன் லொறியிலிருந்து கழற்றிப் போட்ட பிரேக் டிரம், தட்டுவதற்கு ஸ்பானர். நான் லயத்துக் கூரையிலிருந்து வந்த தகரத்தை ஆட்டுவதும் கத்துவதும். நாலாமவன் அவன் அப்பாவின் தப்பு.

அவன் அப்பாவின் அப்பா காலத்தில், சங்கு வருவதற்கு முன்னால், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஆளை எழுப்பியது அந்தத் தப்புதான். பெரட்டுக்களத்தில் தப்பு விழுந்தால் துரை காத்திருக்கிறார் என்று பொருள். காமன் கூத்துக்கும் அதுதான், திருவிழாவுக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். முழுத் தோட்டமும் அதன் சொல் கேட்டு நடந்தது. அடிக்கிறவருக்கு மட்டும் டீக்கு வேறு கோப்பை.

தப்பைக் காய்ச்சித்தான் அடிக்கவேண்டும். சருகைக் கொளுத்தி, வளையத்தைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பான். 'டங்' என்று வந்தால் போதாது, 'ணங்' என்று வரவேண்டும். மலைக் குளிரில் கால் மணிக்கொருமுறை இறங்கிவிடும், மறுபடி காய்ச்சவேண்டும். எங்கள் பாட்டுகளின் நீளத்தை நிர்ணயித்தது கலையல்ல, ஈரம். மற்ற மூன்று பேரும் சும்மா இரும்பைப் போட்டு உடைத்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். தாளம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

பேண்டுக்குப் பேர் வைக்கவில்லை. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், வேலை இல்லாவிட்டால் பேர் விழாது. எங்கள் பேண்டுக்கும் விழவில்லை.

எங்கள் அரங்கேற்றமும் கடைசிக் கச்சேரியும் ஒரே இரவில் நடந்தன. தோட்டத்து மாரியம்மன் திருவிழா. வாடகைக்கு வந்திருந்த இசைக்குழு 'சுராங்கனி'யில் இருந்தபோது ஜெனரேட்டர் நின்றுபோனது. நின்ற இருட்டில் நாங்கள் பீப்பாயை உருட்டிக்கொண்டு மேடையேறிவிட்டோம். மின்சாரம் தேவைப்படாத ஒரே ராக் பேண்டு நாங்கள்தான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பன்னிரண்டு நிமிஷம். சின்னப் பிள்ளைகள் ஆடின. பிறகு பெரியவர்கள் வந்தார்கள். சத்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அந்தப் பயல எப்புடிடா மேடையில ஏத்துனீங்க? தப்ப கீழ நின்னுதான் அடிக்கணும்" என்பதுதான் புகார். பீப்பாயும் பிரேக் டிரம்மும் மேடையில் நிற்கலாம், அவற்றுக்குச் சாதி இல்லை. தப்புக்காரன் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டான். மறுநாள் மடுவத்துக்கு அவன் வரவில்லை. தாளம் வராத மூன்று பேரும் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, பீப்பாயை இருந்த இடத்தில் வைத்தோம்.

எங்களுக்கு முன்னால், 1984 ஜனவரி 3ஆம் தேதி, நொய்பௌட்டன் ஆட்களையும் மேடையிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். லண்டன் சமகாலக் கலை நிறுவனத்தில், துளைக்கருவி, ரம்பம், கொங்கிறீட் கலக்கும் மிஷின் எல்லாம் வைத்து ஒரு கச்சேரி. மேடைப் பலகையையே துளைக்கத் தொடங்கிவிட்டார்கள். கீழே அரண்மனைக்குப் போகிற சுரங்கம் இருக்கிறது, அதற்குள் இறங்கத்தான் துளைத்தார்கள் என்று ஒரு கதை. இருபது நிமிஷத்தில் நிறுத்தப்பட்டது. கூட்டம் சண்டைக்கு வந்தது.

இதுவரை எங்கள் கதையும் அவர்கள் கதையும் ஒன்று. இதற்குப் பிறகு பாதை பிரிகிறது. 2007இல் அதே நிறுவனம், ஜோ மிட்செல் என்ற கலைஞரைக் கொண்டு, அதே கலவரத்தை அதே மண்டபத்தில் மறுபடி நடத்திக் காட்டியது. ஒத்திகை பார்த்து. எங்கள் கோயில் கமிட்டியிலிருந்து எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.

அவர்களுடைய பிற்காலத்தைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பார்கெல்ட் நிக் கேவின் 'பேட் சீட்ஸ்' குழுவில் இருபது வருஷம் கிதார் வாசித்தார். தொண்டை கிழிய அலறியவர், பிறகு ஜெர்மனியின் பெரிய இரும்புச் சாமான் கடைத்தொடர் ஹோர்ன்பாக்குக்காக விளம்பரத்தில் தோன்றி, சாமான் பட்டியலை வேதம் ஓதுகிற மாதிரி வாசித்தார். பழைய இரும்பைத் தட்டியவருக்குப் புது இரும்புக்காரன் கூலி கொடுத்தான். சுங் 94இலும் ஐன்ஹைட் 95இலும் விலகினார்கள். யோகன் ஆர்பைட்டும் ரூடால்ஃப் மோசரும் 97இல் வந்தார்கள். 'ஆர்பைட்' என்றால் ஜெர்மன் மொழியில் வேலை. ஸ்டோரில் எங்களுக்கு இல்லாமல் போன அதே சாமான்.

2002இலிருந்து இசைத்தட்டுக் கம்பனியை நம்பாமல், ரசிகர்களிடமே முன்பணம் வாங்கிப் பாட்டுச் செய்தார்கள். பணம் கட்டியவர்கள் அவர்கள் ஒத்திகை பார்ப்பதை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். அதாவது சந்தா. சந்தா எங்களுக்கும் தெரியும், மாதாமாதம் சம்பளச் செக்ரோலில் தொழிற்சங்கத்துக்குப் பிடிப்பார்கள். ஆனால் சந்தா கட்டியவன் தலைவருடைய ஒத்திகையை எட்டிப் பார்க்கிற ஏற்பாடு எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை.

2004 நவம்பரில், கிழக்கு ஜெர்மனியின் பாராளுமன்றம் இருந்த குடியரசு மாளிகைக்குள் வாசித்தார்கள். கல்நார் எடுத்ததில் எலும்பாக நின்ற கட்டடம். 2006இலிருந்து 2008க்குள் அதை இடித்து முடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் பழைய மன்னர் அரண்மனையின் முகப்போடு ஒரு புதுக் கட்டடம் நிற்கிறது. 2014இல் பெல்ஜியத்தின் டிக்ஸ்மௌட நகரம் முதலாம் உலகப் போரின் நூற்றாண்டுக்கு ஒரு படைப்புக் கேட்டது. 'லாமென்ட்' செய்தார்கள். அதில் ஒரு பகுதியில் பிளாஸ்டிக் குழாய் ஒவ்வொன்றும் ஒரு நாடு, ஒவ்வொரு தட்டும் போரில் ஒரு நாள். நிமிஷத்துக்கு 120 நாள். எங்கள் ரோலரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகத்தில் ஆள் அரைபடுகிறான். நான் கேட்டதில் ஒரு பெரட்டுத் தப்புக்குப் பக்கத்தில் வருகிற ஒரே ஜெர்மன் தாளம் அதுதான். ஊரை எழுப்பி எங்கோ அனுப்புகிற தாளம். 2017 ஜனவரியில், ஹாம்பர்க்கில் எண்பது கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிக் கட்டி முடித்த எல்ப்பிலார்மோனி மண்டபம் திறந்து பத்து நாள் கழித்து அங்கே வாசித்தார்கள். புதிய கட்டடம். விழவில்லை.

இதே வகையில் பெயர் வாங்கிய அமெரிக்க நைன் இன்ச் நெயில்ஸின் டிரென்ட் ரெஸ்னர் 2011இல் ஆஸ்கர் வாங்கினார். நம் பாடகி மாதங்கி அருள்பிரகாசம் 2010இல் தன் தட்டொன்றில் துளைக்கருவிச் சத்தத்தைத் தாளமாக வைத்தார். எல்லோருக்கும் பேர் விழுந்தது.

இனி எங்கள் நாலு பேர்.

ஸ்பானர்காரன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். சைலன்சர் சரியில்லை. நான் வாத்தியாராகி, பிள்ளைகளிடம் "சத்தம் போடாதே" என்று சொல்லி முப்பது வருஷம் சம்பளம் வாங்கிவிட்டேன்.

தப்புக்காரன்தான் எங்களில் பெரிய ஆள். கொழும்பில் மலையகப் பண்பாட்டு விழா என்றால் அவனைக் கூப்பிடுகிறார்கள். மலையகம் 200 கொண்டாட்டத்தின்போது 2023இல் அவனுக்கு ஓய்வே இல்லை. பேச்சாளர்கள் தப்பை 'ஆதி இசை' என்கிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள். மேடையில் நின்று அடிக்கிறான். ஒருமுறை கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "எப்புடிடா இருக்கு?" பொன்னாடையை நாலாக மடித்துத் தப்புக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னான்: "இப்ப எல்லாம் நல்ல கோப்பையிலதான் டீ குடுக்கிறாங்க, சார்." என்னை அவன் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. எப்போதிலிருந்து கூப்பிடுகிறான் என்று யோசித்தேன். தோட்டத்துத் திருவிழாவில் இன்னமும் கீழே நின்றுதான் அடிக்கிறான். அங்கே யாரும் ஆதி இசை கேட்கவில்லை.

எங்கள் பிரிவு ஸ்டோரைப் பூட்டிவிட்டார்கள், கொழுந்து லொறியில் வேறு ஸ்டோருக்குப் போகிறது. கந்தப்பளையில் இதே மாதிரி ஓய்ந்துபோன ஒரு ஸ்டோரை 90களில் ஹோட்டலாக்கி, பழைய மிஷின்களைத் துடைத்து அப்படியே வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அவற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். எங்கள் ரோலரைப் பழைய இரும்புக்கு நிறுத்து எடுத்துப் போனார்கள். அப்பா அதற்கு முந்தின வருஷமே போய்விட்டார். கடைசி நாட்களில் இரவு ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஏனென்று கேட்டால், "சத்தம் இல்ல, தூக்கம் வரல" என்பார். முக்கால் செவிடருக்கு!

பீப்பாய்க்காரன் கத்தாரில் இருக்கிறான். கட்டட வேலை. பழைய கொங்கிறீட்டை உடைக்கிற துளைக்கருவி அவன் கையில், நாளைக்குப் பத்து மணி நேரம். லண்டனில் இருபது நிமிஷத்தில் நிறுத்திய அதே கச்சேரி. எங்களில் இசையை விடாமல் முழுநேரத் தொழிலாக வைத்திருப்பது அவன் ஒருவன்தான் என்று ஆட்டோக்காரன் கேலி செய்வான்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன தைப்பொங்கலுக்குப் பீப்பாய்க்காரன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான், அம்மாவைக் குறிப்பாகக் கேட்டு. வேலைத்தளத்திலிருந்தே பேசியிருக்கிறான். வெயில், சாப்பாடு, மகளுக்கு ஏ.எல். முடிவு வந்தது. பின்னால் இரும்பு அறைகிறது, தகரம் இழுபடுகிறது, மிஷின் உறுமுகிறது. "சரிம்மா, வெக்கிறேன்" என்றதும் நின்றுவிட்டது.

அம்மா போனைக் கையில் வாங்கிக் காதோடு வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"அந்தப் பக்கம் திருப்பிப் போடு," என்றார்.